மோர் ஊத்திப் பாத்தீங்களா?

“நான் இதுக்கு எதுவுமே பண்றதில்லைங்க. தானா வருது.”

இன்று காலை பால் பொங்குவதற்குள் எங்கள் மாடித்தோட்ட வாட்ஸப் குழுவில் வந்து விழுந்த படத்துக்குக் கீழே இருந்த வாசகம் இது. படத்தில் கறிவேப்பிலை. செடி என்று சொல்ல வாய் வரவில்லை, மரம். அதன் உயரத்தைக் காட்டுவதற்காகச் சொந்தக்காரர் பக்கத்தில் நிற்கிறார், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. எட்டாத கொத்தைப் பறிக்க ஒரு தொரட்டி வேறு சுவரில் சாய்ந்திருக்கிறது. கீழே வரிசையாகக் கும்பிடுகள், பூங்கொத்துகள், “அருமை சார்”, “கண்ணு பட்டுடப் போகுது, சுத்திப் போடுங்க”.

எதுவுமே பண்ணாத மனிதர் தொரட்டி எதற்கு வாங்கினார்? விடிந்தும் விடியாத நேரத்தில் மொட்டை மாடியில் இஸ்திரி போட்ட சட்டையோடு அவருக்கு என்ன வேலை? இதையெல்லாம் கேட்டால் வயிற்றெரிச்சல்காரன் என்பார்கள். அதனால் நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஆறிப்போன காபியைக் குடித்தேன்.

இந்த ‘எதுவுமே பண்றதில்லை’ கூட்டம் எல்லாக் குழுவிலும் இருக்கிறது. மார்கழியில் இருபத்தொரு புள்ளிக் கோலம் போட்டு, அதற்குப் பூசணிப் பூவும் வைத்து, “சும்மா அவசரத்துல இழுத்தது” என்று எழுதுவார்கள். ஃபில்டர் காபிக் குழுவில் நுரை டம்ளரை விட்டு ஒரு விரற்கடை மேலே நிற்கும். “சாதாரண பாக்கெட் பால்தான்” என்பார்கள். உழைத்தேன் என்று சொல்வதில் இவர்களுக்கு அப்படி என்ன கூச்சம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நான் எழுத உட்கார்ந்தது உண்மையில் வெண்டைக்காயைப் பற்றி. அதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. அதற்குமுன் இந்தக் கறிவேப்பிலையை முடித்துவிடுகிறேன்.

என் கறிவேப்பிலை முழங்கால் உயரம். வாங்கி வந்த நாளிலும் முழங்கால் உயரம்தான். போன கோடையில் கொழுந்து மஞ்சளாகிவிட்டதே என்று படம் எடுத்துக் குழுவில் போட்டேன். போட்ட கையை எடுப்பதற்குள் பதில் வந்தது: “மோர் ஊத்திப் பாத்தீங்களா?”

சரி என்று ஊற்றினேன். மறுநாள்தான் தெரிந்தது, மோர் என்பது ஒரு பதில் இல்லை, ஒரு மதம். அதற்குள் ஏகப்பட்ட பிரிவுகள். இரண்டு நாள் புளித்தது போதும் என்பவர்களும், ஒரு வாரமாவது புளிக்க வேண்டும் என்பவர்களும் ஒருவருக்கொருவர் கும்பிடுகூடப் போட்டுக்கொள்வதில்லை. வெண்ணெய் எடுத்த மோர்தான் மோர் என்று கோயம்புத்தூர் அக்கா ஒருவர். (அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் வீட்டுப் புடலங்காய் வளையாமல் இருக்க நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டிருப்பது வரைக்கும் தெரியும்.) மோரில் தேங்காய்ப்பால் கலந்து புளிக்கவைத்த தேமோர்க் கரைசல் தவிர எதையும் தொடமாட்டேன் என்று ஈரோட்டு அண்ணன். பெருங்காயம் போட்ட மோரா, போடாத மோரா என்று ஒரு கிளை விவாதம் மூன்று நாள் ஓடியது. சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் தொட்டி வைத்திருக்கும் தம்பி, “அண்ணே, கடையில வாங்குற யோகர்ட்டைக் கரைச்சு ஊத்தலாமா?” என்று கேட்டுவிட்டான். அவனை யாரும் மன்னிக்கவில்லை.

வீட்டில் நிலைமை வேறு. நாலாம் நாள் ராத்திரி சாப்பாட்டில் மோர் வரவில்லை. கேட்டதற்கு, “அது செடிக்கு” என்று பதில் வந்தது. தொட்டியைச் சுற்றி ஈ, எறும்பு. கீழ்வீட்டு மாமி மாடிப்படியில் நின்று மூக்கைச் சுருக்கி, “தயிர்க்கடை ஏதாவது வெச்சிருக்கேளா?” என்றார்.

எனக்கு உண்மையான எரிச்சல் எதில் தெரியுமா? மோர் யோசனை தப்பில்லை என்பதில்தான். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் காரத்தன்மை உள்ளது. ஊற்ற ஊற்ற மண்ணும் அப்படியே ஆகிறது. மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடிவதில்லை. நரம்பு மட்டும் பச்சையாக நின்று கொழுந்து மஞ்சளாவது அதனால்தான். புளித்த மோரின் அமிலம் அதைக் கொஞ்சம் சரிக்கட்டும். ஆனால் அடி இலை முதலில் மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறை, அங்கே மோருக்கு வேலை இல்லை. வேர் தொட்டியைச் சுற்றி நெருக்கிக்கொண்டால் தொட்டியைத்தான் மாற்ற வேண்டும். இதற்கெல்லாம் படத்தைப் பார்க்க வேண்டுமே! எங்கள் குழுவில் படத்தை யாரும் பார்ப்பதில்லை. ஒருவர் கை தவறித் தன் முழங்கால் எக்ஸ்ரேயைப் போட்டுவிட்டார். அதற்கும் ஒரு குரல் பதிவு வந்தது: “நல்லாப் புளிச்ச மோரா ஊத்துங்க சார், பதினஞ்சே நாள்.” வாட்ஸப் ஒரு குழுவில் 1024 பேர் வரை சேர அனுமதிக்கிறது. அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றினால் கறிவேப்பிலை மிதந்துதான் போகும்.

குழுவில் ஒரு பேராசிரியரும் உண்டு. யார் கறிவேப்பிலை படம் போட்டாலும் ‘பெர்கேரா கோனிகி’ என்று தாவரவியல் பெயரைக் கீழே எழுதிவிட்டுப் போய்விடுவார். லின்னேயஸ் 1771இல் வைத்த பெயர் அது. அவருடைய மாணவர் கோனிக் 1768இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்து, வைத்தியத்தோடு செடி கொடிகளையும் சேகரித்தவர். கறிவேப்பிலையின் பெயரில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். குழு இல்லாத காலம், மனிதர் நிம்மதியாக வேலை பார்த்திருக்கிறார்.

கலிஃபோர்னியாவில் இருக்கும் அண்ணி ஒருவர் சொன்னதைக் கேட்டபிறகு எனக்குச் சற்று ஆறுதல். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிற சாறுறிஞ்சிப் பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும் என்பதால், அங்கே நினைத்தபடி செடியைத் தூக்கிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போக முடியாதாம், கட்டுப்பாடு இருக்கிறதாம். செடிக்கே விசா.

மோரோ, தண்ணீரோ, என் செடி ஒருவழியாகத் துளிர்த்தது. துளிர்த்த வாரமே கொழுந்தில் காக்காய் எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் பார்த்தால் எச்சம் மெல்லுகிறது. புழு! சின்னதில் எச்சம் மாதிரி இருந்து ஏமாற்றும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். ஈர்க்குச்சியால் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விட்டது பாருங்கள், மோர் தோற்றது. படம் போட்டேன். “வேப்பெண்ணெய் அடிங்க” என்று பாதிப் பேர், “பட்டாம்பூச்சி சார் அது, பாவம், விட்டுடுங்க” என்று மீதிப் பேர். பேச்சு வளர்ந்து ஜீவகாருண்யம், வள்ளலார், யார் வீட்டில் கொசு மட்டை இருக்கிறது என்பது வரைக்கும் போக, அன்றிரவு அட்மின் குழுவைப் பூட்டிவிட்டார்.

நான் புழுவை விட்டுவிட்டேன். அது நடு ஈர்க்கை மட்டும் விட்டுவிட்டு எல்லா இலையையும் தின்றது. பிறகு கூடு கட்டி, ஒரு நாள் காலையில் கறுப்புச் சிறகில் வெள்ளைப் பொட்டு வரிசையோடு வெளியே வந்து, இலையே இல்லாத குச்சியில் உட்கார்ந்து சிறகைக் காயவைத்தது. குச்சி தெரியாமல் கோணம் பார்த்துப் படம் எடுத்துப் போட்டேன். என் வாழ்நாளில் அத்தனை கும்பிடு வாங்கியதில்லை. அதன் கீழே நான் எழுதிய வாசகம்: “நான் எதுவுமே பண்ணலைங்க. தானா வந்துச்சு.”

அதை எழுத எனக்கு உரிமை உண்டு. நான் நிஜமாகவே எதுவும் பண்ணவில்லை.

இந்த வருஷம் தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தளையும் வாங்கிவிட்டேன். பை, நார்க்கட்டி, விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, வேப்பெண்ணெய் எல்லாம் ஒரே பெட்டியில் வந்தது. அதிலிருந்த வெண்டை விதையைத்தான் ஆடிப் பட்டத்தில் போட்டேன். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் இரண்டு முறை அதிர்ந்துவிட்டது. தொரட்டிக்காரர் அடுத்த படம் போட்டிருக்கிறார்: மரத்தடியில் எதுவும் பண்ணாமல் தானாக முளைத்த பக்கக் கன்றுகள். “வேணுங்கறவங்க வந்து எடுத்துக்கலாம்” என்கிறார். வீடு செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம்.

நான் போவதாக இல்லை. எங்கள் தெருமுனைக் கடை அண்ணாச்சி, ஐம்பது ரூபாய்க்குக் காய் வாங்கினால் ஒரு பிடி கறிவேப்பிலையைக் கொசுறாகவே பையில் போட்டுவிடுகிறார்.