திண்ணையில் ஒரு கிராமி விசாரணை

இசைக்குழு ஒன்றின் பெருமையை அளக்க ரசிகர்கள் கையாளும் கோல்களுள் மிகப் பழையதும், சரிபார்க்கப்படாமலேயே புழங்கிவருவதும் கடல்தான். குழு கடலைத் தாண்டியதா, தாண்டியபின் அங்கே யார் கைதட்டினார்கள், திரும்பி வரும்போது கையில் என்ன கொண்டுவந்தது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்துவிட்டால், இசையைக் கேளாமலேயே தீர்ப்பு எழுதிவிடலாம் என்பது இம்முறையின் சௌகரியம். ஏற்கெனவே தனித்தனியே பெயர் பெற்றுவிட்ட கலைஞர்கள் ஒன்றுகூடி அமைக்கும் குழுவை 'சூப்பர் குரூப்' என்பர். அத்தகைய குழுக்களின் ரசிகர்களிடத்தில் இவ்வழக்கம் நோயாகவே முற்றிவிடுகிறது. ஜப்பானில் யோஷிகி, ஹைட், சுகிசோ, மியாவி ஆகிய நால்வர் சேர்ந்த 'த லாஸ்ட் ராக்ஸ்டார்ஸ்' 2023-இன் தொடக்கத்தில் டோக்கியோவில் மேடையேறிய கையோடு நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சல்சுக்கும் புறப்பட்டுப் போனதும், அந்நால்வருள் மூவர் முன்பு காக்ட் என்பவரோடு சேர்ந்திருந்த 'ஸ்கின்' 2007-இல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் ஒரே ஒரு கச்சேரியோடு அடங்கிப்போனதும் அந்நாட்டு ரசிகர்களுக்கு இன்னும் முடியாத வழக்கு. தமிழர்களுக்கு அதே வழக்கு 'சக்தி' என்னும் குழுவின் பேரில் அரை நூற்றாண்டாக நடந்துவருகிறது; அதன் ஓர் அமர்வு காரைக்காலில், ஆனிப் பௌர்ணமியை ஒட்டிய மாங்கனித் திருவிழாவன்று, பாரதியார் வீதித் திண்ணை ஒன்றில் கூடியது.

வாதியை ஊரார் 'சொல்தா' என்று அழைப்பர். படைவீரன் என்று பொருள்படும் இப்பிரெஞ்சுச் சொல், பிரெஞ்சு ராணுவத்தில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெறுவோரைக் குறிப்பதாகக் காரைக்கால், புதுச்சேரிப் பேச்சில் நிலைத்துவிட்டது. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த காரைக்கால் 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் கைமாறியபோது, எந்நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று தெரிவிக்க மக்களுக்கு ஆறு மாதத் தவணை தரப்பட்டது. அத்தவணைக்குள் பிரான்சைத் தெரிந்தெடுத்த குடும்பம் இவருடையது. மகன் பாரிசில் இருக்கிறான். ஓய்வூதியம் யூரோவில் வருகிறது. மழை பெய்தால்கூடப் பாரிஸ் மழையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இவர் குடையை விரிப்பார். பிரதிவாதி திருநள்ளாற்று இளைஞர், தவில் பித்தர், சனீசுவரன் சந்நிதியில் மணியடித்தால் எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவே இசையின் எல்லை என்று கொண்டவர். நாடகம் எழுதுவோர் இவ்விருவரின் வயதையும் மாற்றிப் போட்டிருப்பார்கள். காரைக்கால் நாடகாசிரியரைக் கேட்டு நடப்பதில்லை.

வழக்கைத் தொடங்கிவைத்தவர் சொல்தா. "தம்பி, 2024 பிப்ரவரி 4 அன்று லாஸ் ஏஞ்சல்சில் 'சக்தி'யின் 'திஸ் மொமென்ட்' தொகுப்புக்குக் கிராமி கிடைத்ததே, அன்றைக்குத்தான் கடமும் கஞ்சிராவும் வாத்தியங்கள் என்று உலகம் ஒப்புக்கொண்டது. அதுவரை ஒன்று வெறும் பானை, மற்றது உடும்புத் தோல்."

"பெரியப்பா, மிக்கி ஹார்ட்டின் 'பிளானெட் டிரம்' 1992-லேயே கிராமி வாங்கியது, அதில் ஒலித்ததும் விக்கு விநாயக்ராமின் கடம்தான். அப்படியானால் உலகம் ஒருமுறை ஒப்புக்கொண்டு, முப்பத்திரண்டு ஆண்டு மறந்திருந்து, அவர் மகன் செல்வகணேஷ் வந்து தட்டியபிறகு மறுபடியும் ஒப்புக்கொண்டிருக்கிறது. இவ்வளவு ஞாபகமறதி உள்ளவரிடமா கடம் வனையும் மானாமதுரைக் குயவர் சான்றிதழ் வாங்க வேண்டும்? போகட்டும், அந்தப் பரிசுப் பிரிவின் பெயர் என்ன?"

"குளோபல் மியூசிக்."

"அதாவது, உலகம் முழுவதும் ஒரே பெஞ்சியில் உட்கார வேண்டும், அமெரிக்காவின் ராக், ராப், ஜாஸ், நாட்டுப்புறப் பாட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாற்காலி."

இவ்விடத்தில் இளைஞர் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்வதற்கில்லை. முன்னர் 'வேர்ல்டு மியூசிக்' எனப்பட்ட அப்பிரிவின் பெயர் காலனிய வாடை வீசுகிறது என்று 2020-இல் கிராமி அமைப்பே அதை மாற்றியது. பலகையை மாற்றிய கை பெஞ்சியை மாற்றவில்லை.

சொல்தா தளரவில்லை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் கைகொடுத்துத் தூக்கியிராவிட்டால் 'சக்தி' பிறந்தே இருக்காது என்பது அவரது அடுத்த வாதம். இளைஞரோ, தூக்கியது யார், தூக்கப்பட்டது யார் என்பதையே மாற்றிப் படித்தார். ஆங்கிலேயக் கித்தார்க் கலைஞர் ஜான் மெக்லாலின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். அங்கே மிருதங்கம் கற்பித்துவந்த ராமநாதபுரம் ராகவன், வயலின் கலைஞர் எல். சங்கர், தபலாக் கலைஞர் ஜாகிர் உசேன், கடத்தோடு விநாயக்ராம் ஆகியோர் அவருடன் சேர்ந்தே 1975 ஜூலை 5 அன்று நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டின் சவுத்தாம்டன் கல்லூரியில் வாசித்தனர். அந்தக் கச்சேரியே முதல் தொகுப்பாக 1976-இல் வெளிவந்தது. மின்கித்தாரின் பேரிரைச்சலோடு 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' நடத்திப் புகழின் உச்சியில் இருந்த ஒருவர், திடீரென்று சம்மணமிட்டு உட்கார்ந்து மரக்கித்தாரை மீட்டியதை அவருடைய ரசிகர்கள் பலரால் செரித்துக்கொள்ள முடியவில்லை.

அந்தக் கித்தாரைச் சற்று அருகே சென்று பார்ப்பது தகும். வீணையில் மெட்டுகள், அதாவது சுரத்தானங்களைக் குறிக்கும் உலோகக் கட்டைகள், மெழுகின்மேல் உயர்ந்து நிற்பதால், விரல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் மூன்று நான்கு சுரங்களைத் தொட்டு வரலாம். கமகம் எனப்படும் சுர அசைவுக்கு உயிர் அங்கேதான். கித்தாரில் விரல் மரப்பலகையில் போய் முட்டிவிடும். ஆகவே மெக்லாலினின் கித்தாரில் மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரம் குழிவாகச் செதுக்கி எடுக்கப்பட்டது. மீட்டாமலே உடன் அதிரும் துணைத்தந்திகள் வயிற்றுப் பகுதியின் குறுக்கே கட்டப்பட்டன.

இதை இளைஞர் தம் பக்கச் சான்றாக எடுத்துக்கொண்டார். "கடல் தாண்டி வந்தவர் மரத்தைச் செதுக்கினார், கமகத்தை அல்ல. இதில் யார் யாரை ஒப்புக்கொண்டது?"

"செதுக்கினாலும் கித்தார் கித்தார்தான். அது இல்லாவிட்டால் 1976-இல் மொந்த்ரோ விழாவில் யார் உன் கமகத்தைக் கேட்டிருப்பார்கள்?"

"கேட்டவர்கள் அவ்வளவு ரசித்திருந்தால், மூன்று தொகுப்போடு 1978-இல் குழு ஏன் கலைந்தது? அடுத்த ஸ்டுடியோ தொகுப்புக்கு 2023 வரை காத்திருக்க நேர்ந்தது ஏன்?"

"நல்ல பண்டம் மெதுவாகத்தான் விற்கும்."

"விற்காதபோது பண்டம் நல்லது, விற்றால் உலகம் நல்லது. பெரியப்பா, உங்கள் தராசில் இரண்டு தட்டும் ஒரே பக்கம் இருக்கின்றன."

வழக்கில் இருதரப்பும் ஒப்புக்கொண்ட சாட்சி ஒருவரே. 1997-இல் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் குழு மறுபிறவி எடுத்தபின் வந்து சேர்ந்த மேண்டலின் உ. ஸ்ரீனிவாஸின் பெயர் வந்ததும் திண்ணை சற்று நேரம் பேசாமல் இருந்தது. 2014 செப்டம்பர் 19 அன்று, நாற்பத்தைந்து வயதில் அவர் மறைந்த செய்தியை எங்கே இருந்தபோது கேட்டோம் என்று இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். 2024 டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் போனதையும் அதே தணிந்த குரலில் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு, மேண்டலின் இத்தாலிய வாத்தியம் என்று சொல்தா நினைவூட்ட, இரட்டை இரட்டையாக இருந்த எட்டுத் தந்தியை ஐந்து ஒற்றைத் தந்தியாக்கி மின்சாரமும் கொடுத்த பிறகு அது ஸ்ரீனிவாஸ் பிறந்த பாலக்கொல்லு வாத்தியம் என்று இளைஞர் திருத்த, அமைதி கலைந்தது.

இனித் தவில். 2000-இன் இறுதியில் மும்பையில் பதிவாகி அடுத்த ஆண்டு வெளியான 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' தொகுப்பில் அரித்துவாரமங்கலம் ஏ.கே. பழனிவேலின் தவில் சேர்ந்திருப்பதைச் சொல்தா பெருமிதத்தோடு வெளியிட்டு, 'சக்தி' தவிலுக்குத் தந்த கௌரவம் என்று அதற்குப் பெயரும் இட்டார். இளைஞர் பதறாமல், அரித்துவாரமங்கலம் காவிரிப் படுகைக்குள்ளேயே இருப்பதால் அந்நிகழ்ச்சி 'சக்தி'யோடு தவில் சேர்ந்ததாக அன்றி, தவிலோடு 'சக்தி' சேர்ந்ததாகவே பதிவாக வேண்டும் என்றார். குன்னக்குடி வைத்தியநாதனின் வயலினும் வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலும் சேர்ந்து ஊர்தோறும் கூட்டத்தைக் கட்டிப்போட்டதைவிடப் பெரிய சூப்பர் குரூப் எது, அதற்கு எந்த லாங் ஐலண்டு தேவைப்பட்டது என்றும் கேட்டார்.

சொல்தா காத்திருந்தது இதற்குத்தான். "தம்பி, உன் கைபேசி முகப்பில் தவிலும் கையுமாக இருக்கும் மகான் யார்?"

"யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தி. தவிலுக்கு அவருக்குமேல் ஆள் இல்லை."

"பிறந்தது 1933-இல், இலங்கையில். கடல் தாண்டி வந்து தஞ்சாவூர்ச் சீமையில் கைதட்டு வாங்கியவர். உன் கணக்குப்படி அவர் வெளிநாட்டுக் கலைஞர். தஞ்சாவூரை வென்றதால்தானே அவருக்குப் பெயர்? 'சக்தி' நியூயார்க்கை வென்றால் மட்டும் குற்றமா?"

"யாழ்ப்பாணத்துக்கும் நமக்கும் நடுவில் இருப்பதைக் கடல் என்று யார் சொன்னது? அது வாய்க்கால். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்களே, காலையில் ஏறினால் மதியம் அங்கே. எல். சங்கரின் தகப்பனார் லட்சுமிநாராயணா குடும்பத்தோடு யாழ்ப்பாணத்தில்தான் இசை கற்பித்துக்கொண்டிருந்தார். 1958 கலவரத்துக்குப் பிறகே இங்கு வந்தார்கள். வந்தவர்களை யாரும் வெளிநாட்டார் என்று எண்ணவில்லை."

எது கடல், எது வாய்க்கால் என்பதை நிலநூலார் தீர்மானிப்பதாகப் பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது. உண்மையில் அதைத் தீர்மானிப்பவர் ரசிகர் என்பதற்கு இவ்விடை சான்று. ஆயினும் வாய்க்கால் வாதம் இளைஞருக்கு எதிர்பாராத வாசல் ஒன்றைத் திறந்துவிட்டது. பாரிசில் லா சப்பேல் பகுதியில், ஈழத்தமிழர் நடத்தும் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் ஆண்டுதோறும் கோடையின் இறுதியில் வீதியுலா வருவதும், தெருவில் தேங்காய்கள் மலையாகக் குவிந்து உடைபடுவதும், முன்னே நாதசுரமும் தவிலும் செல்வதும் ஊரறிந்தவை. சொல்தாவின் மகன் அத்தேரைப் படம்பிடித்து அனுப்பியதும், சொல்தா அதை வீதியில் போவோர் வருவோர்க்கெல்லாம் காட்டியதும்கூட ஊரறிந்தவையே.

"நம்ம ஊர் மாதிரியே இருக்கிறது என்று பிடித்து நிறுத்திக் காட்டினீர்களே, பெரியப்பா, எந்த ஊர் மாதிரி? பாரிஸ் போய் உங்கள் மகன் தேடிப் பிடித்தது மல்லாரியைத்தானே?"

மல்லாரி என்பது சுவாமி புறப்பாட்டின்போது நாதசுரத்தில், பெரும்பாலும் கம்பீர நாட்டை ராகத்தில், சாகித்தியச் சொற்கள் இன்றி வாசிக்கப்படும் உருப்படி. சொல்தா அவ்விளக்கத்தைத் தவிர்த்துவிட்டு, காரைக்காலின் முதல் சர்வதேசக் கலைஞரைச் சாட்சிக்கு அழைத்தார். காரைக்கால் அம்மையார் கையில் தாளத்தோடு அமர்ந்திருக்கும் சோழர்கால வெண்கலத் திருமேனி நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கம்போடியாவில் 967-இல் குடமுழுக்குக் கண்ட பந்தியாய் ஸ்ரீ கோயிலிலும் ஆடும் சிவனின் அருகே இருக்கும் உருவத்தை அம்மையாராக அறிஞர் காண்பர்.

"நியூயார்க்கில் நிரந்தரக் கச்சேரி, தம்பி. அழைத்துப்போக மெக்லாலின்கூடத் தேவைப்படவில்லை."

"அவர் தாமாகப் போனது திருவாலங்காட்டுக்கு. அங்கிருந்து பாடினார். நியூயார்க்குக்குப் போனது சிலை. சிலையைக் கேட்டுக்கொண்டா கப்பலேற்றினார்கள்?"

"கயிலைக்குப் போனாரே? அது இப்போது சீனத்தின் ஆளுகையில் இருக்கிறது. விசா வேண்டும்."

"தலையால் நடந்து போனவரிடம் விசா கேட்கும் சாவடி இன்னும் கட்டப்படவில்லை."

இந்நிலையில் கைலாசநாதர் கோயிலிலிருந்து புறப்பட்ட பிட்சாண்டவர் பவழக்கால் சப்பரத்தில் வீதிக்குள் நுழைந்தார். மாடிகளிலிருந்து நேர்த்திக்கடனாக மாம்பழங்கள் இறைக்கப்பட்டன. சொல்தா மகனுக்கு வீடியோ அழைப்பு போட்டுக் கைபேசியை உயர்த்த, இளைஞர் தம்முடையதை ஒலிப்பதிவில் வைத்துத் திண்ணை விளிம்பில் சாய்த்தார். மூன்றடி தூரத்தில் தவில்காரர் நின்று வாசித்தார். வலக்கை விரல்களில் பசையும் துணியுமாகச் சுற்றி இறுகவைத்த கூடுகள், இடக்கையில் கழி, தோளில் நனைந்து கனத்த துண்டு. நீலம் மாம்பழம் ஒன்று சொல்தாவின் மடியில் விழுந்தது. அதைப் பாரிசில் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று அவர் சொல்லத் தொடங்க, விலைவாசிக்கும் ருசிக்கும் உள்ள தொடர்பை இளைஞர் மறுக்க, தவிலில் தீர்மானம் விழுந்தது. ஒரே சொற்கட்டை மும்முறை அடுக்கித் தாளத்தின் தொடக்கத்தில் கொண்டுவந்து முடிப்பதற்குத் தவில்காரர் வழக்கில் அதுவே பெயர்.

சப்பரம் முனை திரும்பிய பிறகு, என்ன நடையில் அந்தத் தீர்மானம் வைத்தார் என்று சொல்தா கேட்டார். பதிவில் கேட்டுச் சொல்வதாக இளைஞர் கைபேசியை எடுத்து இயக்கினார். பதினோரு நிமிடப் பதிவு. தொடக்கத்தில் தூரத்து நாதசுரம் சிறிது கேட்டது, அப்புறம் முழுவதும் மாம்பழ விலையும் அதற்கு மறுப்பும்தான். பாரிசிலிருந்த மகன் மட்டும், இணைப்பு இன்னும் துண்டிக்கப்படாத திரையில் தோன்றி, "கண்ட நடை, அப்பா" என்றான்.