அறிவுரை சொல்வது எப்படி? உறவினர்களுக்கு ஓர் எளிய செய்முறை

ஒரு வீட்டில் அப்பா இளைத்துப் போனாலோ, பிள்ளை மூன்று வயதாகியும் பேசாவிட்டாலோ, சொந்தக்காரர்களுக்கு ஒரு கடமை வந்து சேர்கிறது. போய்ப் பார்த்து நாலு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும். ஆனால், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதில் பயிற்சி போதவில்லை. போன இடத்தில் காபியைக் குடித்துவிட்டு வாயைத் திறக்காமல் வந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு சித்தி, "எப்படிப்பா இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். இப்படியே போனால் குலம் என்னாவது?

ஏழு வருஷமாக அறிவுரை வாங்கிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரன் என்ற தகுதியில் இந்தச் செய்முறையை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு வசதியும் உண்டு. மகனுக்கு 9 வயது; ஆட்டிசம். எனக்கு 46, ஒன்றரை வருஷத்தில் 94 கிலோவிலிருந்து 79 கிலோவுக்கு வந்தவன். ஒரே நடையில் இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டுப் போகலாம். ஆட்டோ செலவு மிச்சம்.

தேவையான பொருட்கள்

வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ – 1 (முழுசாகப் பார்த்திருக்க வேண்டாம்)
ஐந்து வயதுவரை பேசாமலிருந்து, இப்போது அமெரிக்காவில் இருக்கும் தூரத்துச் சொந்தம் – 1
தேன், வசம்பு, சீரகத் தண்ணீர் – தேவையான அளவு
பெருமூச்சு – 3 அல்லது 4
காபி – அவர்கள் வீட்டிலேயே கிடைக்கும்

செய்முறை

1. செருப்பைக் கழற்றும்போதே தொடங்குங்கள்.

"என்னடா இப்படி இளைச்சுட்டே? சுகரா?" என்பதுதான் மரபான தொடக்கம். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. முயற்சி எதுவும் செய்யாமல் ஒருவர் எடை இறங்கினால் உடனே ரத்தப் பரிசோதனை செய்யத்தான் வேண்டும். ஆனால், நான் முயற்சி செய்து இறங்கியவன். "மூணு மாசச் சராசரி 6.1 இருந்தது, இப்ப 5.6 பெரியம்மா" என்று நான் சொல்ல ஆரம்பிக்கும்போது நீங்கள் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட வேண்டும்: "முகமே செத்துப்போச்சு."

போன தீபாவளிக்கு வந்தபோது "தொப்பையைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா?" என்று சொன்னதும் இதே பெரியம்மாதான். இடையில் எந்தக் கிலோவில் நான் சரியாக இருந்தேன் என்று கேட்டுப் பார்த்தேன். யோசித்துவிட்டு, "உன் கல்யாணத்தப்போ" என்றார்.

2. மருந்து சொல்லுங்கள், கையோடு வடையும் வையுங்கள்.

வெந்நீரில் தேன் கலந்து வெறும் வயிற்றில் குடித்தால் கொழுப்பு கரைந்து ஓடிவிடும் என்று சொல்லுங்கள். தேன் எந்தக் கொழுப்பையும் கரைப்பதில்லை. ஒரு சின்னக் கரண்டி தேனில் 20 கலோரி இருக்கிறது, அவ்வளவுதான். நான் செய்தது இது: மூன்று தரம் போட்டுக்கொண்ட சோற்றை ஒரு தரமாக்கினேன். சாயங்கால பஜ்ஜியை நிறுத்தினேன். தினமும் 45 நிமிஷம் நடந்தேன். வாரத்துக்கு 150 நிமிஷமாவது நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் ரகசியம் எதுவும் இல்லாததால் யாரும் குறித்துக்கொள்வதில்லை.

தேன் வைத்தியம் சொல்லி முடித்த கையோடு என் தட்டில் மூன்றாவது வடையை வையுங்கள். "ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது." போன மாதம் மட்டும் எனக்கு இப்படிப் பதினோரு 'ஒரு நாள்' வந்தது. அப்படியே என் மனைவி பக்கம் திரும்பி, "அவர் குறைச்சிட்டார், நீ எப்போ?" என்று கேட்டுவிடுங்கள். நான் விடிகாலையில் நடக்கும்போது பையனோடு வீட்டில் இருப்பது யார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

3. பையனைப் பற்றிப் பேசுங்கள், பையனிடம் பேசாதீர்கள்.

அவன் கூடத்தில் தரையில் உட்கார்ந்து, துணிக்கு மாட்டும் கிளிப்புகளை டைல்ஸ் கோட்டின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருப்பான். நீலம், நீலம், பச்சை, நீலம், நீலம், பச்சை. சமையலறையில் மிக்ஸி ஓடினால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். நமக்கு இரைச்சல், அவனுக்கு அது வலி. நீங்கள் அவன் முகத்துக்கு நேரே குனிந்து மிக்ஸியைவிட உரக்கக் கேளுங்கள்: "டேய், மாமா பேர் என்ன சொல்லு!"

"மாமா பேர் என்ன சொல்லு" என்பான் அவன்.

காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வது ஆட்டிசத்தில் அடிக்கடி காணும் எதிரொலிப் பேச்சு. பல பிள்ளைகளுக்குப் பேச்சுக்குள் வரும் வாசல் அதுதான். உங்களுக்கு அதெல்லாம் வேண்டாம். "பாத்தியா, நல்லாத்தானே பேசுறான்! நீங்கதான் பேச்சுக் குடுக்கறதில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுங்கள்.

கையில் இருக்கும் வசம்பை நாக்கில் தேய்க்கச் சொல்லுங்கள். கூடவே குமரகுருபரரை அழையுங்கள். ஐந்து வயதுவரை பேசாதிருந்த அவர் திருச்செந்தூரில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது நாடறிந்த கதை. முருகனோடு எங்களுக்கு வழக்கு எதுவும் இல்லை, போனோம். ஒலிபெருக்கி கேட்டதும் பையன் கோயிலுக்குள் வர மறுத்துவிட்டான். கடற்கரையில் ஈர மணலைக் கைநிறைய அள்ளி அள்ளி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். பாடவில்லை. ஆனால், அவன் அவ்வளவு நேரம் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

4. குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள்.

இது சுலபம். அம்மாதான். வேலைக்குப் போகிறவள் என்றால் போனதால். போகாதவள் என்றால் டிவி பார்த்ததால். 1943இல் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்துக்கு அடையாளம் கொடுத்த பிறகு, அமெரிக்காவிலும் இதையே சொன்னார்கள். தாய் பாசமில்லாமல் குளிர்சாதனப் பெட்டி மாதிரி இருப்பதால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்றார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், தானே ஓர் ஆட்டிசக் குழந்தையின் தகப்பன், 1964இல் புத்தகம் எழுதி அந்தக் கதையை உடைத்தார். மூளை வளரும் விதத்தில் உள்ள மாறுபாடு இது. வளர்ப்பின் குற்றம் இல்லை. புத்தகம் எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

தடுப்பூசியையும் விட்டுவிடாதீர்கள். ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 1998இல் 12 குழந்தைகளை வைத்து, தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு எழுதிய கட்டுரையை லான்செட் இதழ் 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிரிட்டனில் அவருடைய மருத்துவர் பதிவும் பறிபோனது. நம் குடும்ப வாட்ஸ்அப் குழு மட்டும் இன்னும் திரும்பப் பெறவில்லை.

5. நம்பிக்கை கொடுங்கள்.

"ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று சொல்லி, அமெரிக்கச் சொந்தத்தை இப்போது இறக்குங்கள். சொல்வதற்கு இதமான வாக்கியம், கேட்பதற்கும் இதம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வயதில் திரும்பிப் பார்க்காததும், ஒன்றரை வயதில் விரல் நீட்டி எதையும் காட்டாததும் டாக்டரிடம் உடனே போக வேண்டிய அறிகுறிகள். எங்கள் பையனுக்கு இரண்டும் இருந்தன. அந்த இதமான வாக்கியத்தை நம்பி நாங்கள் பதினான்கு மாதம் காத்திருந்தோம். பயிற்சி நன்றாக ஏறும் வயது அது. அந்த மாதங்களை எந்தத் தெரபிஸ்ட்டாலும் திருப்பித் தர முடியாது.

6. கிளம்பும்போது கடைசிக் கேள்வியைப் போடுங்கள்.

மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டே, கடைசிப் பெருமூச்சோடு கேட்க வேண்டும்: "உங்களுக்கு அப்புறம் இவனை யார் பாத்துப்பா?" கேட்டதும் லிஃப்டில் ஏறிவிடுங்கள்.

நான் தினமும் 5 மணிக்கு எழுந்து நடப்பது இந்தக் கேள்வியோடுதான். 85 வயதுவரை நான் இருந்தால் அவனுக்கு 48 ஆகியிருக்கும். அதுவரை என் முழங்கால் தாங்க வேண்டும், இதயம் தாங்க வேண்டும். 15 கிலோவை இறக்கியதற்கு இதுதான் காரணம். "எப்படிக் குறைச்சே?" என்று கேட்டவர்கள் ஐம்பது பேர் இருக்கும். "ஏன் குறைச்சே?" என்று ஒருவரும் கேட்டதில்லை.

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பாதிப் பதில் காகிதத்தில் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயதுக்குப் பிறகு அவனுக்குச் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது சொந்தக்காரர்கள் இல்லை. முட்டுக்காட்டில் உள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனத்தில் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற, பெயர்கூடத் தெரியாத ஓர் அம்மா.

குறிப்பு

மேற்படி பதார்த்தம் கைவராதவர்களுக்கு இன்னொன்று இருக்கிறது. தேவையான பொருள்: ஒரு மணி நேரம்.

என் மனைவியின் சித்தி மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தாள். எதுவும் கேட்காமல் பையனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கிளிப்பை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். பச்சையின் முறை வராதபோது பச்சையை நீட்டினால் அவன் கையைத் தள்ளிவிடுவான். அவள் முறையைக் கற்றுக்கொண்டாள். நானும் மனைவியும் பூங்காவை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தோம். பையன் பிறந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தது அதுதான் முதல் தடவை. மூன்றாவது வாரம் அவன் ஒரு நீலக் கிளிப்பை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தானாம். நாங்கள் திரும்பி வந்தபோது அதை எங்களிடம் காட்டிவிட்டு, அவன் கேட்பதற்குள் திருப்பிக் கொடுத்தாள்.

இன்றுவரை அவள் எங்களுக்கு ஓர் அறிவுரைகூடச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வருகிறாள். சனிக்கிழமை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வாருங்கள், காபி நாங்கள் போடுகிறோம்.