அசையாமல் தெரிந்த ஒன்பது

2005 பிப்ரவரி. பெங்களூரு எலகங்கா விமானப்படைத் தளத்தில் ஏரோ இந்தியா கண்காட்சி. தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றிருந்தேன். இந்திய விமானப்படையின் சாகசக் குழுவான சூரியகிரணின் ஒன்பது கிரண் விமானங்கள் ஒன்றாக வந்தன, ஒன்றாக எழும்பின, ஒன்றாகவே கவிழ்ந்து இறங்கின. ஒரே தகட்டில் வெட்டி எடுத்து வானத்தில் ஒட்டியதுபோல் இருந்தது. “ஒண்ணுகூட ஆடலை பாரு” என்று பக்கத்தில் நின்ற நண்பனிடம் சொன்னேன். அதற்குப் பிறகும் பல வருஷம் பலரிடம் இதையே சொல்லியிருக்கிறேன். நான் சொன்னது தவறு.

தவறு என்று புரியவைத்தது அண்ணன் மகனின் கம்ப்யூட்டர். டிசிஎஸ் என்ற பறத்தல் விளையாட்டில் அவனும் வெவ்வேறு ஊர்களில் இருக்கும் மூன்று நண்பர்களும் எல்-39 பயிற்சி ஜெட்டுகளில் சேர்ந்து பறப்பார்கள். ஒருநாள் இரவு ஒருவர் வரவில்லை. என்னை உட்காரவைத்து ஹெட்செட்டை மாட்டினான். நான் வேகமானியைப் பார்த்தேன், அடிவானத்தைப் பார்த்தேன். “மீட்டரைப் பாக்காதீங்க சித்தப்பா. லீடரை மட்டும் பாருங்க. அவரோட றெக்கையும் உடம்பும் இதே கோணத்துல தெரியணும், அவ்வளவுதான்.”

பத்து நொடிகூட நிற்க முடியவில்லை. பின்தங்கினால் த்ராட்டிலைத் தள்ளுவேன். ஜெட் எஞ்சின் உடனே வேகம் பிடிக்காது. அது பிடிப்பதற்குள் இன்னும் தள்ளியிருப்பேன், லீடரைத் தாண்டிப் போய்விடுவேன். திரும்பும்போது பாடு இன்னும் அதிகம். வெளிப்பக்கம் இருப்பவர் பெரிய வட்டத்தில் போக வேண்டும், அதனால் வேகத்தைக் கூட்ட வேண்டும். உள்பக்கம் இருப்பவர் குறைக்க வேண்டும். அதனால்தான் லீடர் தன் எஞ்சினின் முழு சக்தியையும் எடுத்துக்கொள்வதில்லை, பின்னால் வருகிறவர்களுக்காக மிச்சம் வைத்துப் பறக்கிறார். முன்னால் ஒருவர் ஓர் அடி ஆடினால், அது வரிசையில் பெருகிக்கொண்டே போய்க் கடைசி விமானத்துக்குப் பல அடியாகிவிடும். எலகங்காவில் நான் பார்த்த அசைவின்மை, ஒன்பது பேர் நொடிக்கு நொடி செய்த சின்னஞ்சிறு திருத்தங்களால் ஆனது.

இந்தத் திரை எனக்கு அசைவைக் காட்டியது, உண்மைதான். ஆனால் திரையிலும் ஒரு பொய் உண்டு. மணிக்கு 500 கிலோமீட்டரில் போகும் விமானம் நொடிக்கு 139 மீட்டர் நகர்கிறது. இணையத்தில் நொடியின் இருபதில் ஒரு பங்கு தாமதமானாலே ஏழு மீட்டர் தள்ளிப்போகும். இடைவெளியைக் கணக்கிட்டு ஊகித்துத்தான் மென்பொருள் பக்கத்து விமானத்தைக் காட்டுகிறது. நான் ஒட்டிப் பறப்பதாக என் திரை சொல்லும், லீடரின் திரையில் நான் பின்தங்கியிருப்பேன். வளைந்து எழும்பும்போது உடல் எடை நாலு மடங்காகி இருக்கையில் அழுந்துவதும் இங்கே இல்லை. மோதினால் ஒரு பட்டனைத் தட்டி மறுபடி பறக்கலாம்.

1982 ஜனவரி 18 அன்று அமெரிக்காவின் நெவாடாவில் அந்நாட்டு விமானப்படையின் சாகசக் குழுவான தண்டர்பேர்ட்ஸின் நான்கு விமானங்கள் ஒத்திகையில் இருந்தன. வட்டமடித்து இறங்கிய லீடரால் மேலெழ முடியவில்லை. அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த மூவரும் அவரோடு தரையில் மோதினார்கள். நான்கு பேரும் இறந்தார்கள். நான் நின்று கைதட்டிய அதே எலகங்காவில், 2019 பிப்ரவரி 19 ஒத்திகையில், கிரணுக்குப் பதிலாக ஹாக் விமானங்களுக்கு மாறியிருந்த சூரியகிரண் குழுவின் இரண்டு விமானங்கள் மோதி ஒரு விமானி உயிரிழந்தார். அதன்பிறகு அந்த பட்டனைத் தட்டும்போதெல்லாம் எனக்கு மனசு உறுத்துகிறது.

2024 அக்டோபர் 6, சென்னை மெரினாவில் விமானப்படையின் வான் சாகசம். இம்முறை முழு வடிவத்தையும் பார்க்கவில்லை, ஓரத்தில் வந்த ஒரே ஒரு ஹாக்கை மட்டும் பார்த்தேன். கடல் பக்கம் திரும்பியபோது அது லேசாகப் பின்தங்கியது, உடனே எட்டிப் பிடித்தது. 2005இல் என் கண்ணில் படாதது அதுதான். சூரியகிரண் உங்கள் ஊருக்கு வந்தால், திருப்பத்தில் வெளி ஓரத்து விமானத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.