கேளுங்க, சொல்லுறன்: தொப்பி போட்ட ராமானுஜம்

போன இதழில் ஓவியர் கே. ராமானுஜத்தைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். களப்பில் வீச்சுவலை எறிந்த கதையாகிவிட்டது. வந்த கடிதங்களில் இறாலும் கிடக்கிறது, சேறும் கிடக்கிறது. இந்த முறை முழுக்க அவர்தான்.

ஆர் இந்த ராமானுஜம்? கணக்கில் புலியென்று சொல்லுவார்களே, அவரா?
(வாசகர், கொக்கட்டிச்சோலை)

அவர் ராமானுஜன், 1920இல் 32 வயதில் போய்ச் சேர்ந்தவர். இவர் ராமானுஜம், 1973இல், முப்பதைத் தாண்டிய கையோடு போனவர். சென்னைக்காரர். பள்ளிப் படிப்பு ஏறவில்லை, பேச்சும் தடுமாறும். அப்படியான பிள்ளையை நம் ஊரில் எங்கே அனுப்புவோமோ அங்கேதான் அவரையும் அனுப்பினார்கள்: சித்திரம் படிக்க.

அங்கே மட்டும் எப்படித் தேறினார்?
(மாணவி, வந்தாறுமூலை)

வாத்தியார் வாய்த்தார். சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் அப்போது முதல்வர் கே. சி. எஸ். பணிக்கர். இந்தப் பையனுக்கு வாய்தான் திக்குகிறது, கை திக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. 1966இல் பணிக்கரும் ஓவியர்களும் சேர்ந்து சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைக் கிராமத்தைத் தொடங்கினார்கள். பத்திக் துணி போட்டு விற்று வந்த காசில் எழுந்த ஊர் அது. ராமானுஜமும் அங்கே போய் ஒண்டிக்கொண்டார். கலைஞர்கள் கூட்டாக நிலம் வாங்கினால் வேலிச் சண்டை வராதா என்று கேட்காதீர்கள். கலைஞர்களும் மனிசர்தான்.

அவருடைய படத்தில் அப்படி என்ன இருக்கு?
(சித்திர ஆசிரியர், ஏறாவூர்)

சேர், நீங்கள் கேட்டதால் கொஞ்சம் நீட்டிச் சொல்லுகிறேன். மையும் பேனையும்தான் அவருடைய பெரிய ஆயுதம். கூம்பு, கோபுரம், வளைவு, மாடம், படிக்கட்டு என்று ஒன்றின்மேல் ஒன்று ஏறும் மாளிகைகள். இறக்கை முளைத்த விலங்குகள், பாம்புகள், பெண்கள். ஈக்குக்கூட இருக்க இடமில்லாமல் கோடு நிரம்பியிருக்கும். இவ்வளவுக்கும் நடுவில் தொப்பி போட்ட ஓர் ஆள் நிற்பார். அவர்தான் ராமானுஜம்.

நம்மிடம் இதற்கு விளக்கம் தேவையில்லை. பகலெல்லாம் வயலில் சேறு மிதித்த மனிசன், இரவு வடமோடிக் கூத்துக் களரியில் கரப்புடுப்பும் முடியும் வைத்து ஏறினால் தருமராசன். விடிந்தால் மறுகாவும் அதே வயல். ராமானுஜத்துக்குக் களரி கடதாசி. ஒரேயொரு வித்தியாசம்: நம்ம தருமருக்குத் தாளம் போட அண்ணாவியாரும், விடியவிடியப் பார்க்க ஊரும் இருக்கும். அவர் தனியே ஆடினார்.

ஓவியருக்குக் கொஞ்சம் விசர் இருந்தால்தானே நல்ல படம் வரும்?
(வாசகர், காத்தான்குடி)

அப்படியென்றால் காலை எட்டு மணிக்குக் கல்லடிப் பாலத்தில் ஓட்டோவை நிறுத்திவிட்டு ஹோர்ன் அடிக்கிற அத்தனை பேரும் பிக்காசோ.

நெடுநாள் பழுத்த பொய் இது. ராமானுஜத்துக்கு மனநோய் இருந்தது, உண்மை. ஆனால் கோடு நோயிலிருந்து வரவில்லை. கல்லூரியில் ஆண்டுக்கணக்காக இருந்து பழகிய கை அது. வின்சென்ட் வான் கோவை எடுங்கள். 1888 டிசம்பரில் காதை அறுத்துக்கொண்டவர் என்றுதான் உலகத்துக்கு அவரைத் தெரியும். மறு வருசம் சென் ரெமி மனநோய் மருத்துவமனையில் இருந்தபோது, நோய் முற்றிய கிழமைகளில் அவரால் பெரும்பாலும் வரைய முடியவில்லை. வரைந்ததில் பெரும்பகுதி தெளிந்திருந்த நாட்களில். 1890இல் அவர் இறந்தார். ஆறு மாதத்தில் தம்பி தியோவும் போனார். மிஞ்சியது தியோவின் மனைவி யோ: 28 வயது, கையில் குழந்தை, வீடு முட்ட ஒருவரும் வாங்காத படங்கள். அவர் அதுகளை எறியவில்லை. கண்காட்சி வைத்தார், 1914இல் கடிதங்களைப் புத்தகமாக்கினார். வான் கோவின் புகழுக்குக் காரணம் அறுந்த காது என்கிறவர்கள் இந்த மனிசியை அறியாதவர்கள்.

ராமானுஜம் எப்படிச் செத்தார்?
(வாசகர், வாழைச்சேனை)

தன்னுயிரைத் தானே முடித்துக்கொண்டார். இதற்குமேல் எழுதமாட்டேன்.

காசு, பேர் எல்லாம் கிடைத்ததா?
(கடை முதலாளி, ஓட்டமாவடி)

முதலாளி கேட்க வேண்டிய கேள்வி. சென்னையின் பெரிய ஹோட்டலான கன்னிமாராவுக்குச் சுவரோவியம் செய்து கொடுத்தார். குடிசையில் படுத்தவர் சாகிப்மாரின் விருந்து மண்டபத்துக்கு மாளிகை வரைந்தார். இப்போது அவருடைய படங்களை ஏல நிறுவனங்கள் கண்ணாடிச் சட்டம் போட்டு விற்கின்றன. அந்தக் காசில் ஒரு சதமும் ஈஞ்சம்பாக்கத்துக்குப் பின்னோக்கி நடந்து போகாது.

இலங்கையில் அப்படி ஒருத்தரும் இல்லையா?
(வாசகி, ஆரையம்பதி)

ஜோர்ஜ் கீற் இருக்கிறார், 1901இல் கண்டியில் பிறந்தவர். குடும்ப வாழ்க்கை ஒரே கொந்தளிப்பு. ஆனாலும் பொரளை கோதமி விகாரைச் சுவர்களில் ஓவியம் வரைந்து முடித்து, 92 வயதுவரை இருந்து, 1993இல்தான் போனார். கஷ்டப்பட்டு இளம் வயதில் சாவது ஓவியனுக்கு விதியென்று சொல்பவர்களுக்கு இவர் பெரிய இடைஞ்சல்.

எனக்கு நெருக்கமானவர் யாழ்ப்பாணத்து அ. மாற்கு மாஸ்டர். அவருக்குத் துன்பம் மனசுக்குள்ளிருந்து வரவில்லை, வாசல் வழியாக வந்தது. 1995 போர்க்கால இடப்பெயர்வோடு அவருடைய படங்களில் எத்தனையோ போய்விட்டன. ஓடுகிற சனம் அரிசியைத் தூக்குமா, கன்வசைத் தூக்குமா? அவர் 2000இல் இறந்தார். ஆனால் மாஸ்டர் தன் கையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவரிடம் படித்த வாசுகி நம்ம மட்டக்களப்பில் இருந்துதான் வரைகிறார். சுவரில் மாட்டியதைவிடப் பிள்ளையிடம் விட்டது தப்பியிருக்கிறது.

என் மகன் நாள் முழுக்கக் கீறிக்கொண்டே இருக்கிறான். ஒருத்தரோடும் கதைக்கிறானில்லை. அவனும் ராமானுஜம் மாதிரி ஆகிவிடுவானோ?
(ஓர் அம்மா, களுவாஞ்சிக்குடி)

அக்கா, இரண்டையும் ஒரே முடிச்சாகப் போடாதீங்க. கீறுகிறானா? இன்னும் ரெண்டு கொப்பி வாங்கிக் கொடுங்க. கதைக்காமல், உண்ணாமல், உறங்காமல் இருக்கிறானா? அதற்குக் கொப்பியும் போதாது, கோயில் நூலும் போதாது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கு, கூட்டிப் போங்க. இரவில் கதைக்க ஆள் வேணுமென்றால் 1926க்கு அழையுங்க, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதீங்க. ஊருக்கு இன்னொரு வீட்டுக் கதை அடுத்த கிழமை கிடைத்துவிடும். மறுகா, அவன் கீறினதில் ஒன்றை எனக்கு அனுப்பச் சொல்லுங்க.

ராமானுஜம் மட்டக்களப்புக்கு வந்து, நிலாக் காலத்தில் தோணியில் போய் நம்ம பாடும் மீனைக் கேட்டிருந்தால் எப்படி வரைந்திருப்பார்?
(வாசகர், கல்லடி)

பாடுவது மீனில்லை, ஊரி என்கிற சிப்பிதான் என்று தோணிக்காரர் சண்டைக்கு வந்திருப்பார். ராமானுஜம் ஒன்றுக்கும் மறுமொழி சொல்லாமல் இரண்டுக்கும் தொப்பி போட்டு வரைந்திருப்பார்.