அவித்த முட்டை பிய்யாமல் வர…

கேள்வி: பார்த்துப் பார்த்துப் புது முட்டை வாங்கி அவித்தாலும், உரிக்கும்போது பாதி வெள்ளைக்கரு ஓட்டோடு போய்விடுகிறதே, ஏன்? (வாசகி, அடையாறு)

பதில்: வில்லங்கமே அந்தப் புதுசில்தான் இருக்கிறது!

புது முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு கரைந்திருக்கும். அப்போது அவித்தால் வெள்ளைக்கரு உள்சவ்வைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நாள் போகப்போக ஓட்டின் நுண்துளைகள் வழியே வாயு கசிந்து, பி.எச். அளவு 9-ஐத் தாண்டும்; பிடியும் தளரும். ஆகவே, குழம்பில் உடைத்து ஊற்றப் புது முட்டை. அவிக்க, ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருந்த முட்டை.

புதுசுதான் கைவசம் என்றால், இட்லிப் பானை இருக்கிறதே! பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றினால் கரு சவ்வோடு ஒட்டும். தண்ணீர் கொதித்து ஆவி வந்தபிறகு உள்ளே வைத்தால், வெளிப்புறம் சட்டென இறுகிவிடும். ஒட்டுவது வெகுவாகக் குறையும். 12 நிமிடம் போதும். கூடினால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் விழும். அது இரும்பும் கந்தகமும் சேர்ந்த வேலை, கெடுதல் இல்லை.

அடுத்து, குளிர்ந்த நீர். சித்திரை வெயிலில் மயிலாப்பூர் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே சுடும். ஐஸ் கட்டி போட்டே ஆக வேண்டும். அகன்ற முனையில் காற்றறை இருக்கும். அங்கே தட்டி, சவ்வையும் சேர்த்துக் கிள்ளி, தண்ணீருக்குள்ளேயே உரிக்க வேண்டும்.

தமிழகப் பள்ளிச் சத்துணவில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக நுழைந்த முட்டை, 2010 முதல் வாரத்துக்கு 5. அத்தனையையும் கையால் உரிக்கிற சமையலர்களின் வேகத்துக்கு ஒரு சபாஷ்!

உப்பு, வினிகர்? கீறல் விட்ட முட்டையிலிருந்து வழியும் கருவைச் சட்டென உறையவைக்க உதவும், அவ்வளவுதான்.