தீவகத்தில் கெதிச் சாப்பாடு: ஓர் இறங்குதுறை ஆய்வு

விருந்துக்குப் போன ஆங்கிலேயர், கழுவிய கை காயுமுன் எழும்ப நேர்ந்தால் 'ஈட் அண்ட் ரன்' என்று சொல்லி வருத்தம் தெரிவிப்பார். உண்ட கையோடு ஓடுவது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் இந்த வருத்தம் செல்லுபடியாகாது என்பதே இவ்வாய்வின் துணிபு. நெடுந்தீவில் விருந்தாளி ஓடுவதில்லை, வீட்டுக்காரியே துரத்துகிறார். "கெதியாச் சாப்பிடுங்கோ தம்பி, போட் வெளிக்கிடப் போகுது" என்றபடி இன்னோர் அகப்பை சொதி விடுவார். உபசாரமும் வெளியேற்றமும் ஒரே அகப்பையில்.

ஓநாய்போல் விழுங்குவது என்றும் ஆங்கிலத்தில் ஒன்று உண்டு. இலங்கையில் ஓநாய் இல்லாததால் அதை ஆராய வசதியில்லை. நெடுந்தீவில் இருப்பவை கட்டாக்காலிக் குதிரைகள். கோடையில் அவை புல்லைத் தேடித் தேடி மேய்கின்றன. விழுங்க எங்கே வழி?

அவசரத்துக்குக் காரணம் வயிறு அல்ல, கடல். யாழ்ப்பாணத்து பஸ் பண்ணை, வேலணை, புங்குடுதீவு என்று ஓடிக் குறிகாட்டுவானில் நின்றுவிடும். அங்கிருந்து நயினாதீவுக்கு ஏறத்தாழ 20 நிமிடம், நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம். கடைசிப் போட் போய்விட்டால் விடியும்வரை கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இந்நிலையில் உணவுகளை வேகத்தால் வகுக்க வேண்டியிருக்கிறது. இடியப்பம் முதல் வகுப்பு; சொதியில் ஊறினால் மெல்லவே வேண்டாம். புட்டு நம்பத்தகாதது. அள்ளி அடைந்தால் விக்கும். தண்ணீர் தேடுவதற்குள் போட்டின் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். ஒடியல் கூழோ அவசரத்தின் பரம எதிரி. செத்தல் மிளகாய் உறைப்போடு, மடித்த பலாவிலையில் வாங்கி, ஊதி ஊதித்தான் குடிக்க வேண்டும். நண்டுக்கால் அகப்பட்டால் ஐந்து நிமிடம் போச்சு. தொண்டையில் மீன்முள் அகப்பட்டால் போட்டே போச்சு. போட் நேரம் கிட்டும்போது கூழ் காய்ச்சுகிறவர், விருந்தாளியை இரவு மறிக்கத் திட்டமிட்டவர் என்றே கொள்ள வேண்டும்.

வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட ஏறத்தாழ 20 நிமிடம் பிடிக்கும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. நயினாதீவுக் கடலுக்கும் அதே கணக்குத்தான். ஆகவே குறிகாட்டுவானில் அவுக் அவுக்கென்று பணிஸும் பிளேன்ரீயும் முடித்தவருக்குப் பசி தீர்ந்த சங்கதி அக்கரையில்தான் தெரியவரும். அதற்குள் நாகபூசணி அம்மன் கோயில் அன்னதான மண்டபம் கண்ணில் பட்டுவிடும்.

மண்டபத்தின் பெயர் அமுதசுரபி. அங்கிருந்து ஆய்வு, அப்பெயர்கொண்ட பாத்திரம் வரும் மணிமேகலைக் காப்பியத்துக்குப் போகிறது. அள்ளக் குறையாத அந்தப் பாத்திரத்தோடு ஆபுத்திரன் சாவக நாட்டுக்குக் கப்பலேறினான். கடும் காற்றினால் கப்பல் மணிபல்லவத்தில் ஒருநாள் ஒதுங்கியது. அவன் கரையில் இறங்கினான். ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் நள்ளிரவில் போய்விட்டது. கை நிறையச் சோறு, கொடுக்க ஓர் ஆளில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாதிருந்தே உயிர்விட்டான். மணிபல்லவம் நயினாதீவுதான் என்று ஊரார் சாதிப்பார்கள். ஆய்வாளர்களிடையே வழக்கு நடக்கிறது. ஊரார் பக்கம் தீர்ப்பானால், தீவகத்தில் போட்டைத் தவறவிட்டோர் பதிவேட்டில் முதல் பெயர் ஆபுத்திரனுடையது.

நெடுந்தீவுக்குப் போகும் வாசகர்கள், கால் வைத்ததுமே கடைசிப் போட் எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவென்றால் கூழுக்குத் தலையாட்ட வேண்டாம், இடியப்பம் போதும்.