தொண்டைக்குழியும் வாக்குச்சீட்டும்

மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாட்செஸ் எங்கள் ஊர். தாத்தா அங்கே முடிவெட்டும் கடை வைத்திருந்தார். கறுப்பர் நடத்திய கடைதான். ஆனால் கறுப்பர் யாரும் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. வக்கீல், வங்கிக்காரர், நீதிபதி என்று வெள்ளைக்காரர்கள் வந்து தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, தோல்வாரில் தீட்டிய கத்திக்குக் கழுத்தை நீட்டுவார்கள். அதே தாத்தா ஓட்டுப் போடப் போனால் இரண்டு டாலர் வரி கட்டி, மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவுக்கு விளக்கமும் சொல்ல வேண்டும். குமாஸ்தாவுக்கு எந்த விளக்கமும் திருப்தி தந்ததில்லை. தொண்டைக்குழியை ஒப்படைக்கலாம், வாக்குச்சீட்டை ஒப்படைக்கலாமா?

வெள்ளைக்காரரின் பொடிப்பையன் தாத்தாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். தாத்தா அவனுக்கு 'மிஸ்டர்' போடுவார். எங்கள் ஜனங்களுக்கு ராத்திரியில், வீட்டுப் பின்கட்டில் வெட்டுவார். பகலில் நீதிபதி நாற்காலியில் உளறியது அங்கே அவிழும். கத்தி பிடிப்பவனுக்குக் காது கிடையாது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

அப்பா எங்கள் ஆட்களுக்கென்றே கடை போட்டார். வெள்ளை முதலாளி இல்லை, ஆகவே வேலை போகும் பயமும் இல்லை. 1965இல் கறுப்பர் உரிமைச் சங்கமான என்ஏஏசிபியின் உள்ளூர்த் தலைவர் ஜார்ஜ் மெட்காஃபின் காரில் குண்டு வெடித்தபின், துப்பாக்கியோடு தெருவைக் காத்த 'டீக்கன்கள்' குழுவுக்குத் தலைமை ஏற்றதும் எங்கள் தொழில்காரர் ஒருவர்தான்.

1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் விடுதி, உணவகம், சினிமா கொட்டகை எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. தனியாக நடக்கும் முடிவெட்டும் கடை அந்தப் பட்டியலில் இல்லை. பரவாயில்லை, இப்போது என் கடைக்கு யாரும் வரலாம். வெள்ளைக்காரர்களும் வருகிறார்கள், வில்லியம் ஜான்சன் வீட்டுக்கு வழி கேட்க.

ஜான்சன் 1809இல் அடிமையாகப் பிறந்து விடுதலையானவர். வெள்ளையருக்குச் சவரம் செய்து பணக்காரரானவர். அவரே அடிமைகளும் வைத்திருந்தார். அதைச் சொன்னால் பயணிகளின் முகத்தில் ஒரு நிம்மதி. 1851இல் எல்லைத் தகராறில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பார்த்த சாட்சிகள் கறுப்பர். குற்றவாளியோ, தனக்குக் கறுப்பு ரத்தமே இல்லை என்று வாதாடினார். வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி செல்லாது. ஆள் வெளியே வந்துவிட்டார்.

ஜான்சன் பதினாறு வருஷம் நாட்குறிப்பு எழுதியிருந்தார். அந்தக் கால நாட்செஸ் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இன்று சரித்திரக்காரர்கள் புரட்டுவது அதைத்தான். கறுப்பர் சாட்சி ஒருவழியாகச் செல்லுபடியாகிவிட்டது, வழக்குத்தான் முடிந்துபோயிற்று.